செடிநூற் செல்வர் கோனிக்

ஐப்பசித் திங்களில் மழை பெய்து வறண்ட நிலம் நனைந்ததும், நம் சிற்றூர்ப் புறங்களிற் காளான்கள் முளைக்கத் தொடங்கும். பிள்ளைச்சாவடி போன்ற கடற்கரை ஊர்களை அடுத்த மேட்டு நிலங்களிலும், தஞ்சைத் தரணியின் வயல்வெளி ஓரங்களிலும், கறையான் புற்றுள்ள இடங்களை நாடிச் சிறுவர்கள் காளான் தேடிச் செல்வர். குடைபோல் விரிந்து நிற்கும் புற்றுக்காளானை அவர்கள் மகிழ்வோடு பறித்து வருவர். குடை விரியாமல், நிமிர்த்தி வைத்த சிறு உலக்கை போல நிற்கும் மற்றொரு காளானும் உண்டு. உண்ணுதற்கு உதவாதென்று கருதி அதனைப் பெரும்பாலோர் ஏறெடுத்தும் பாரார். ஆயினும், இந்திய நாட்டுக் காளான்களுள் அறிவியல் முறைப்படி முதன்முதற் பெயர் பெற்றவற்றுள் அதுவும் ஒன்றாகும். அதனைக் கண்டெடுத்து உலகறியச் செய்தவர் யார்? நாள்தோறும் நம் அடுக்களையில் தாளிதத்துக்கு உதவும் கறிவேப்பிலைக்குத் தம் பெயரை ஈந்தவரே அவர். யோகான் கெரார்டு கோனிக் என்பது அவர் பெயர்.

கோனிக் 1728ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த லிவோனியா நாட்டிற் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இக்காலத்தில் லாத்வியா நாட்டைச் சார்ந்ததாகும். இளமையில் அவர் மருந்து செய்யும் தொழிலைக் கற்றார். அந்நாளில் மருந்துகளிற் பெரும்பாலானவை வேரும் பட்டையும் இலையும் கொண்டு செய்யப்பட்டன. ஆதலின், மருந்து செய்வோர் செடிகளை ஐயமற அறிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. ஒரு செடியை மற்றொன்றாகப் பிறழ உணர்ந்தால் நோயாளியின் உயிருக்கே கேடு நேரும். உண்மையான பொருளையும் அதனைப் போன்ற போலியையும் பிரித்தறியும் கூர்த்த பார்வை கோனிக்குக்கு இத்தொழிலினாலேயே வாய்த்தது எனலாம்.

அக்காலத்தில் சுவீடன் நாட்டிலுள்ள உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் ஆசிரியராக விளங்கினார். அவருக்கு முன்னர், ஒரு செடியைக் குறிக்க அறிஞர்கள் ஒரு நீண்ட சொற்றொடரையே எழுதி வந்தனர். ஒவ்வொரு நூலாசிரியரும் ஒவ்வொரு விதமாக எழுதியமையால், ஒரே செடி பல பெயரும், பல செடிகள் ஒரே பெயரும் பெற்றுக் குழப்பம் மிகுந்தது. லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களால் ஆன பெயரை அமைத்தார். முதற்சொல் அது சேர்ந்த பேரினத்தையும், இரண்டாஞ்சொல் அதன் தனி இனத்தையும் சுட்டும். குடும்பப் பெயரும் இயற்பெயரும் சேர்ந்து ஒருவரைக் குறிப்பதை இதற்கு ஒப்பிடலாம். இம்முறையை நிறுவிய ஆசிரியரிடமே கோனிக் நேரிற் பயிலும் பேறு பெற்றார்.

பின்னர்க் கோனிக் தேனிமார்க்கு நாட்டிற் பணிபுரிந்தார். அந்நாட்டு அரசு தன் ஆட்சிக்குட்பட்ட நிலங்களின் செடிகளையெல்லாம் படங்களோடு விளக்கும் பெருநூல் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதற்கு உதவும் பொருட்டுக் கோனிக் 1764, 1765ஆம் ஆண்டுகளில் ஐசுலாந்துத் தீவில் அலைந்து செடிகளைத் திரட்டினார். பனியும் எரிமலைக் குழம்பும் மூடிய அத்தீவில், விரல் நீளமே வளரும் சிறு பூண்டு ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அது இதுவரை பெயர் பெறாத பேரினம் எனக் கண்ட லின்னேயஸ், தம் மாணவரின் பெயரையே அதற்கு இட்டு, 1767இற் கொனீகியா என வழங்கினார். ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு அளிக்கும் பரிசில்களுள் இதனினும் சிறந்தது வேறு யாது!

நம் சோழ மண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி 1620ஆம் ஆண்டு முதல் தேனிமார்க்கு நாட்டாரின் வாணிகத் துறைமுகமாக விளங்கி வந்தது. அங்கே சமயத்தொண்டு புரிந்தோர்க்கு மருத்துவர் ஒருவர் தேவைப்பட்டார். அப்பணியை ஏற்றுக் கோனிக் 1768இல் தரங்கம்பாடியை அடைந்தார். பனிநாட்டிற் பழகிய கண்ணுக்கு நம் நாடு முற்றிலும் புதிய உலகமாயிற்று. நோயுற்றோர்க்கு மருந்தளித்த நேரம் போக, எஞ்சிய காலத்தை அவர் செடி தேடுவதிலேயே செலவிட்டார். வயல் வரப்பும், ஆற்றங்கரையும், உப்பங்கழியும், முட்புதரும் அவருக்குக் கல்விச்சாலைகள் ஆயின. கண்ட செடியைப் பூவோடும் காயோடும் பறித்துத் தாளிடை வைத்து உலர்த்துவார். உலர்ந்தபின் மறையக்கூடிய நிறம் முதலியவற்றைப் பசுமை மாறுமுன் குறித்துக்கொள்வார். பின்னர்க் கப்பல் ஏற்றி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்புவார்.

கோனிக் தாம் பெற்ற அறிவைத் தம்மோடு ஒடுக்கிக்கொள்ளவில்லை. லின்னேயஸின் வகைப்பாட்டு முறையைத் தரங்கம்பாடியில் இருந்த ஏனையோர்க்கும் கற்பித்தார். ஜான், ராட்லர், கிளைன் முதலியோர் செடிநூலில் நாட்டங்கொண்டு, ஒருவர் கண்டதை மற்றவர்க்குக் காட்டி ஒரு கூட்டமாக இயங்கினர். இவர்களுள் ராட்லர் 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிற்காலத்தில் தமிழ் ஆங்கில அகராதி தொகுத்துத் தமிழுக்கும் தொண்டு செய்தவர். செடிகளைப் பகுத்துப் பெயரிடும் கலை நம் நாட்டில் வேரூன்றியது இக்கூட்டத்தினாலேயே என்பர்.

1771இல் லின்னேயஸ் தம் பழைய நூல்களுக்குத் துணையாக ஒரு நூலை வெளியிட்டார். கோனிக் இந்தியாவிலிருந்து அனுப்பிய செடிகள் பல அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று கறிவேப்பிலை. அதற்குப் பெர்கெரா கொனீகியை என லின்னேயஸ் பெயரிட்டார். பின்வந்தோர் அதனை முரயா என்னும் பேரினத்துக்கு மாற்றினர். இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் பழைய பேரினமே பொருந்தும் என்கின்றனர். பேரினப் பெயர் எவ்வாறு மாறினும், கோனிக்கைக் குறிக்கும் இரண்டாஞ்சொல் மட்டும் இன்றுவரை மாறவில்லை. அதே நூலில்தான் நாம் முதலிற் கூறிய உலக்கைக் காளானும் இடம்பெற்றது. அதன் வடிவம் நோக்கி, உலக்கை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லினின்று பிஸ்டில்லரே என்ற இனப்பெயரை லின்னேயஸ் அமைத்தார்.

பெயரிடுதல் எளிதாயிற்று, ஆனால் அதனை எந்தப் பேரினத்திற் சேர்ப்பது? இங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. குடைக்காளானின் வித்துத்துகள்கள் குடையின் அடியிலுள்ள மடல்களில் தோன்றி, குடை விரிந்ததும் வெளியே உதிரும். இக்காளானோ குடையை விரிப்பதில்லை. நீண்ட தலையின் உள்ளேயே துகள்கள் முதிர்ந்து கருமை அடையும். தண்டு தலையினூடே சென்று உச்சியைத் தொடும். வெயிலில் உலர்ந்தபின் தலையின் அடிப்பக்கம் கிழிய, உள்ளிருக்கும் பொடியைக் காற்று வாரிச்செல்லும். ஈரம் குன்றிய மணல்நிலத்திற் பிழைத்தற்கு இவ்வமைப்பு ஏற்றதாகும்.

உள்ளே பொடியை அடக்கியுள்ள காளான்கள் எல்லாவற்றையும் லின்னேயஸ் லைகோபெர்டான் என்னும் ஒரே பேரினத்தில் அடக்கியிருந்தார். மிதித்தாற் புகைபோற் பொடி எழும்பும் உருண்டைக் காளான் அதில் இருந்தது. ஐரோப்பியர் டிரஃபிள் என்று வழங்கி, மிகுந்த விலை கொடுத்து வாங்கியுண்ணும் நிலத்தடிக் காளானும் அதிலேயே இருந்தது. டிரஃபிள் மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே முதிர்வது. அதன் மணத்தை மோப்பம் பிடித்த விலங்குகள் அதனைத் தோண்டியுண்டு அதன் வித்துகளைப் பரப்பும். காற்றை நம்பும் இந்தியக் காளானும், விலங்கை நம்பும் அந்த நிலத்தடிக் காளானும், மூடிய உடலுடையவை என்னும் ஒற்றுமை ஒன்றினாலேயே ஒரே கூட்டில் அடைக்கப்பட்டன. உள்ளமைப்பைக் காண உதவும் சிறந்த உருப்பெருக்கிக் கண்ணாடிகள் இல்லாத அக்காலத்தில், புறத்தோற்றமே அறிஞர்க்கு வழிகாட்டியாக இருந்தது.

கோனிக்கின் பார்வை செடிகளோடு நில்லாமல் கறையான் புற்றினுள்ளும் நுழைந்தது. தஞ்சைப் பகுதியில் தாம் கண்டவற்றைத் தொகுத்து அவர் எழுதிய கட்டுரை 1779இற் பெர்லின் நகரத்து இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தின் தொகுதியில் வெளிவந்தது. புற்றின் அறைகளிற் காளான் வளர்ச்சி உள்ளதை உலகுக்கு முதன்முதல் எடுத்துரைத்தவருள் அவர் முன்னிற்பவர். கறையான்கள் தாம் உண்ட மரத்துகள் முதலியவற்றால் தேனடை போன்ற அடைகளை அமைத்து, அவற்றிற் காளானை வளர்த்து உண்கின்றன என்பதையும், மழைக்காலத்தில் நாம் பறிக்கும் புற்றுக்காளான் அவ்வடையினின்று எழுவதே என்பதையும் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கியது.

அக்கட்டுரையில் நம் மக்களின் வழக்கம் ஒன்றையும் கோனிக் பதிவு செய்துள்ளார். ஈசல் பிடிப்போர் புற்றிற் காற்று வரும் பக்கத்தில் ஒரு துளையும் எதிர்ப்பக்கத்தில் ஒரு துளையும் இடுவர். எதிர்ப்பக்கத் துளையில், உட்புறம் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர்; மறுபக்கத்திற் புகைமூட்டம் இடுவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானைக்குள் வந்து நிறையும். சில வேளைகளில் நல்ல பாம்பும் பானைக்குள் வந்துவிடும்! அவ்வீசல்களை மாவோடு சேர்த்துச் செய்த பண்டங்கள் எளிய மக்களுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டன. ஏட்டறிவு மிக்க கோனிக், எழுத்தறியாத சிற்றூர் மக்களின் பட்டறிவையும் மதித்துக் கேட்டார் என்பதற்கு இக்குறிப்பே சான்றாகும்.

ஆராய்ச்சிக்கு அறிவும் ஆர்வமும் மட்டும் போதா. நெடும்பயணங்களுக்குப் பொருளும் வேண்டும். மருத்துவப் பணியில் அவர் பெற்ற ஊதியம் அதற்கு இடந்தரவில்லை. எனவே, 1774இல் அவர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியிடம் இயற்கை ஆராய்ச்சியாளராகப் பணியேற்றார். அதனால் மலைகளையும் காடுகளையும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. 1778இற் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தம் பணியில் அமர்த்திக்கொண்டனர். அவ்வாண்டே அவர் கடல் கடந்து சயாம் நாட்டுக்கும் மலாக்காவுக்கும் சென்று, 1780 வரை செடிகளையும் கனிப்பொருள்களையும் ஆராய்ந்தார். இலங்கைக்கும் சென்று வந்தார். இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய நுட்பமான விளக்கங்கள் இன்றும் அறிஞரால் நாடப்படுகின்றன.

அவருடைய நட்பால் ஊக்கம் பெற்றவர்களுள் வில்லியம் ராக்ஸ்பரோ என்னும் மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். 1776இற் சென்னைக்கு வந்த அவர், கோனிக்கோடு பழகிச் செடிநூலில் ஆழ்ந்தார். பின்னாளிற் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராகி, இந்தியச் செடிநூலின் தந்தை எனப் போற்றப்பட்டார்.

1785ஆம் ஆண்டு கோனிக் சோழ மண்டலக் கரை வழியே வடக்கு நோக்கிப் பயணம் மேற்கொண்டார். வழியிற் சீதபேதி அவரைப் பற்றியது. அருகிற் பணிபுரிந்த ராக்ஸ்பரோ விரைந்து வந்து மருத்துவம் செய்தார். எனினும் நோய் தணியவில்லை. பலருடைய நோயைத் தீர்த்த அம்மருத்துவர், அவ்வாண்டு சூன் திங்கள் 26ஆம் நாள், காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்திற் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. பதினேழு ஆண்டுகள் இந்நாட்டு மண்ணில் நடந்த கால்கள் இந்நாட்டு மண்ணிலேயே ஓய்ந்தன.

ஏறத்தாழ இருபதாண்டுத் தேடலின் பயனையெல்லாம் தொகுத்து, தம் பெயரால் ஒரு பெருநூல் வெளியிடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அது பெருங்குறையே. ஆயினும், தம் உழைப்பு வீணாகாதிருக்க வேண்டும் என்று கருதிய கோனிக், தம் கையெழுத்துப் படிகளை இங்கிலாந்து நாட்டுச் சர் ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞருக்கு உரிமையாக்கியிருந்தார். சுவீடன் நாட்டு ரெட்சியஸ், கோனிக் அனுப்பிய விளக்கங்கள் பலவற்றைத் தம் நூலில் வெளியிட்டார். லின்னேயஸின் மைந்தரும் அவர் திரட்டிய செடிகள் பலவற்றைத் தம் நூலிற் சேர்த்தார். ராக்ஸ்பரோ சோழ மண்டலக் கரையின் செடிகளைப் பற்றி 1795 முதல் வெளியிட்ட படநூல்கள், கோனிக் இட்ட வழியிலேயே எழுந்தவையாகும். ஒருவர் விதைக்கப் பலர் அறுத்தனர். ஆனால் விளைச்சல் உலகுக்கே உரியதாயிற்று.

இனி, அந்த உலக்கைக் காளானின் பிற்கால வரலாற்றைக் காண்போம். 1809இற் பிரெஞ்சு அறிஞர் தெவோ, தண்டு உச்சிவரை ஊடுருவும் காளானுக்கெனப் போடாக்ஸிஸ் என்னும் தனிப் பேரினத்தை நிறுவினார். 1829இற் பிரீஸ் என்னும் சுவீடன் அறிஞரின் நூலில் இது போடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ் எனப்பட்டது. 1837இற் பிரெஞ்சு நாட்டு லெவேய்யே உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையால், குடைக்காளான்களின் வித்துத்துகள்கள் நுண்ணிய தண்டுகளின் நுனியிற் பிறப்பதை விளக்கினார். டிரஃபிளின் வித்துகளோ நுண்ணிய பைகளுக்குள் அடங்கியிருப்பவை. ஆகவே, ஒரே கூட்டில் இருந்த அவ்விரண்டும் நெருங்கிய உறவினர் அல்லர் என்பது உறுதியாயிற்று.

உலக்கைக் காளானின் உண்மை உறவினர் யார் என்பதை இக்கால மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. அது குடைக்காளான் குடும்பத்திற் பிறந்து, குடை விரிக்கும் வழக்கத்தைக் கைவிட்ட காளானாகும். இதுபோலக் குடைக்காளான் இனங்கள் சில, இன்னும் ஒருபடி சென்று தண்டையும் இழந்து, மண்ணுக்குள்ளேயே உருண்டையாக வாழ்கின்றன. அவை தோற்றத்தில் டிரஃபிளை ஒத்தவை, பிறப்பில் வேறானவை. ஆதலால், மண்ணுக்கடியிற் கிடைக்கும் உருண்டையைக் கண்டதும், அதன் புறத்தோற்றத்தை மட்டும் நோக்கிப் பெயரிடுதல் தவறாய் முடியும். அதனை அறுத்து உள்ளமைப்பைக் காணல், வித்தின் வடிவை ஆராய்தல், எம்மரத்தடியிற் கிடைத்தது எனக் குறித்தல், மரபணுவை ஒப்பிடுதல் ஆகிய எல்லாம் செய்த பின்னரே அது புதிய இனமா எனத் துணிதல் வேண்டும்.

போடாக்ஸிஸ் பேரினத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து இனங்கள் இருப்பதாக ஒரு காலத்தில் எண்ணினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை பெரும்பாலும் ஒரே இனம் என்று முடிவு கட்டினர். 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, காட்சியகங்களிற் பாதுகாக்கப்பட்ட பழைய காளான்களின் மரபணுவைச் சோதித்து, அவை பல வேறு இனங்களே என்று காட்டியது. பழையோர் பறித்து உலர்த்திக் குறிப்பெழுதி வைத்த மாதிரிகள் இல்லாதிருப்பின் இவ்வாராய்ச்சி இயலாததாகியிருக்கும். முடிவுகள் மாறலாம், கண்டதைக் கண்டவாறு போற்றி வைத்த சான்று மாறாது.

கோனிக் காட்டிய நெறியிற் பின்னரும் பலர் சென்றனர். புதுச்சேரித் தாவரத் தோட்டத்தின் தலைவராக விளங்கிய பெரோத்தே என்னும் பிரெஞ்சுக்காரர் நீலகிரியிற் பூவாத் தாவரங்களைத் திரட்டிப் பாரிசு நகருக்கு அனுப்பினார். அவற்றை மோந்தாஞ் என்பவர் 1842இல் ஆராய்ந்து வெளியிட்டார். 1979இற் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் நடராசன் புற்றுக்காளானில் ஒரு புதிய இனத்தை விளக்கிப் பெயரிட்டார். கறையான் புற்றைக் கோனிக் ஆராய்ந்து எழுதி இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதே புற்று அறிஞர்க்குப் புதுமை தந்தது என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

செல்வமும் பட்டமும் தேடாது, சிறு பூண்டையும் சிறு காளானையும் தேடி வாழ்நாளைக் கழித்தவர் கோனிக். அவர் எழுத எண்ணிய நூல் நமக்குக் கிட்டவில்லை. ஆனால், ஐசுலாந்தின் பனிநிலத்துப் பூண்டும், தமிழர் வீட்டுக் கொல்லையிலுள்ள கறிவேப்பிலையும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. நம் ஊர்ப்புறத்து மண்ணிலும் இன்னும் பெயர் பெறாத உயிர்கள் மறைந்திருத்தல் கூடும். கூர்ந்து நோக்கும் கண்ணும், நோக்கியதைப் பிழையின்றி எழுதும் கையும், பிறர் அறிவை மதிக்கும் மனமும் உடையார்க்கே அவை வெளிப்படும். அடுத்த மழைக்குப்பின் காளான் தேடிச் செல்லும் மாணவர்கள், பறிக்குமுன் ஒரு நொடி நின்று அதனை உற்று நோக்குவார்களாயின், அதுவே அப்பெரியார்க்குச் செய்யும் சிறந்த நன்றியாகும்.